பாலக்கோட்டிலிருந்து பங்காளிக்கு

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. கோமாரித் தடுப்பூசி முகாம் ஊர் ஊராக நடந்துகொண்டிருந்ததால் உட்கார்ந்து எழுத முடியவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, காலையில் தோட்டம் வரை தானே நடந்து போய் வருகிறார். சின்னவள் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வீட்டில் எல்லோரும் நலம்.

போன ஜனவரியில் நீ எங்கள் திண்ணையில் விட்டுப்போன கிராவல் சைக்கிளை நான் ஓட்ட ஆரம்பித்துவிட்டேன். துடைத்து வைத்தால் போதும் என்றுதான் நீ சொன்னாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரண்டஅள்ளி வரை போய்ப் பார்க்கலாம் என்று எடுத்தவன், பஞ்சப்பள்ளி அணையைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன். அதிலிருந்து விட முடியவில்லை. அதன் பெயரும் எனக்குப் பிடித்துப் போயிற்று. நம் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் 'ரெண்டு லோடு கிராவல் அடி' என்றுதானே சொல்வார்கள். அந்தச் செம்மண் ரோட்டுக்கென்றே ஒரு சைக்கிள் இருக்கிறது என்பது இந்த வயதில்தான் தெரிந்தது.

கால்நடை ஆய்வாளராக 24 வருடம் இந்த ஊர்களையெல்லாம் பைக்கில் சுற்றியிருக்கிறேன். மாடு நிற்கிற பட்டி எங்கே, தண்ணீர் எங்கே, எந்த ஓடையை எந்த மாதத்தில் தாண்ட முடியாது என்பதெல்லாம் மனப்பாடம். ஆனால் ஒரு மேடு எங்கே தொடங்குகிறது என்பதைப் பைக் சொல்லித் தரவே இல்லை. அதைச் சைக்கிள்தான் சொல்லிக் கொடுத்தது.

நீ கேட்ட வழிகளுக்கு வருகிறேன். செல்போன் வரைபடத்தில் மேலகிரி மலைக்குள் மெல்லிய கோடுகள் நிறையத் தெரிகின்றன, அதில் போகலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். அவற்றில் பாதி வனத்துறை ஜீப் போகிற தடம், மீதி மாட்டுத் தடம். 2014இல் அந்தப் பக்கத்துக் காடுகளைக் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவித்தார்கள், 504 சதுர கிலோமீட்டர். 2022இல் காவிரி தெற்குச் சரணாலயம், அது 686 சதுர கிலோமீட்டர். அந்தக் காடுகளுக்குள் அனுமதியில்லாமல் நுழையக் கூடாது. அதில் எனக்கு வருத்தமும் இல்லை, ஏனென்றால் சைக்கிளுக்கு நல்ல வழி இருப்பது காட்டுக்கு உள்ளே அல்ல, காடும் கொல்லையும் சந்திக்கிற ஓரத்தில்தான்.

தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை என்று ஒரு வட்டம் போட்டுப் பார். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் தளியை 'லிட்டில் இங்கிலாந்து' என்றார்களாம். நமக்கு அந்த ஒப்பீடு தேவையில்லை, அது ராகி நாடு. ஏரிக்கரை மேலே ஒரு தடம், கரை இறங்கினால் ராகிக் கொல்லை, நடுநடுவே அக்கடி சால் என்கிற ஊடுபயிர் வரிசையில் அவரை, அதைத் தாண்டினால் ஒரு ஊர். ஒரு ஊரில் தெலுங்கில் வழி கேட்க வேண்டியிருக்கும், அடுத்த ஊரில் கன்னடத்தில். தமிழில் கேட்டாலும் பதில் சொல்வார்கள், இருந்தாலும் 'தாரி எக்கட' என்று கேட்டுப் பார், முதலில் ஒரு டம்ளர் மோர் வரும். ஏற்றம் இறக்கம் உண்டு, ஆனால் காலை முறிக்காது. முதல் நாளைக்கு இதுதான் சரி.

இரண்டாம் நாள் தேன்கனிக்கோட்டையிலிருந்து அய்யூர் வழியாகப் பெட்டமுகிலாளம். அது தார் ரோடுதான், இருபுறமும் காடு, நல்ல ஏற்றம். மேலே போய்ச் சேர்ந்தபின் ஊர்களுக்கிடையே மண் வழிகள் இருக்கின்றன. அஞ்செட்டியிலிருந்து நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல் போகிற ரோட்டையும் நீ விடக் கூடாது. ஓசூர்ப் பக்கம் 850 மீட்டருக்கு மேல் உயரம், ஒகேனக்கல் 300 மீட்டருக்குள். மேலே குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக் கிளம்பினால் காவிரிக்கு வருவதற்குள் சட்டையே கனக்கும். வத்தல்மலையும் சித்தேரியும் அடுத்த தடவைக்கு இருக்கட்டும்.

இப்போது யானை விஷயம். இதை நீ கவனமாகப் படிக்க வேண்டும். ராகி கதிர் முற்றும்போது, ஐப்பசி கார்த்திகையில், பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு இறங்கிவிடும். அறுவடை முடிந்தும் சில கூட்டங்கள் இருக்கும். கொல்லைக்காரர்கள் இரவெல்லாம் பரண் மேல் விழித்திருந்து காவல் காக்கிறார்கள். ஊர் அழகாக இருப்பதும் அதே மாதங்களில்தான், என்ன செய்வது. பைக்கில் போகும்போது எஞ்சின் சத்தத்தில் நாம் வருவது யானைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். சைக்கிளுக்குச் சத்தமே கிடையாது. வளைவு திரும்பியதும் நீயும் அதுவும் நேருக்கு நேர் நிற்பீர்கள். அதனால் மூன்று விஷயம் சொல்கிறேன். வெயில் ஏறிய பின் கிளம்பு, மூன்று மணிக்குள் ஊருக்குள் வந்துவிடு. மூங்கில் புதர் இருக்கிற வளைவில் பெல் அடி. ஒவ்வொரு ஊரிலும் டீக்கடையில் 'ராத்திரி எங்கே இருந்தது' என்று கேட்டுவிட்டுப் போ. வனத்துறைக்காரர்களை விடவும் அந்தக் கடைக்காரருக்கு முதலில் தெரிந்திருக்கும்.

உன் கடிதத்தில் ஒரு வரி என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. 'மண் ரோடெல்லாம் தார் ஆகிக்கொண்டே வருகிறது, அதற்குள் ஓட்டிவிட வேண்டும்' என்று எழுதியிருந்தாய். உன் ஆசை எனக்குப் புரிகிறது. அந்தச் செம்மண்ணில் டயர் நறநறவென்று போகிற சத்தம் எனக்கும் இப்போது வேண்டியிருக்கிறது. ஆனால் பங்காளி, கோட்டூர் மலையை நினைத்துப் பார். 2021 தேர்தலில்கூட ரோடு இல்லாமல் வாக்கு இயந்திரங்கள் கழுதை முதுகில்தான் மேலே போயின. இதைப் பேப்பரில் படமாகப் போட்டார்கள், பார்த்தவர்கள் ரசித்தார்கள். அப்படிப்பட்ட மலைகளுக்கு நான் தடுப்பூசி ஐஸ் பெட்டியைத் தோளில் சுமந்து ஏறியிருக்கிறேன். 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தால்தான் மருந்து மருந்தாக இருக்கும். வழியில் ஐஸ் கரைகிறதே என்று மூச்சிரைக்க ஓடியது இன்னும் நெஞ்சில் இருக்கிறது. ஒரு தடவை எதிரே ஒரு பெண்ணைப் போர்வையில் தூளி கட்டி இறக்கிக்கொண்டு வந்தார்கள். தலைப்பிரசவம். ஓரமாக ஒதுங்கி வழிவிட்டேன். அதன்பிறகு எந்த மலைக்குத் தார் வந்தாலும் எனக்கு மகிழ்ச்சிதான். நமக்கு ஓட்ட ஏரிக்கரை இருக்கிறது, வண்டித்தடம் இருக்கிறது. மாடு மேய்கிற வரைக்கும் அவை அழியாது.

நான் பயப்படுவதும் அங்கேதான். ஆலம்பாடி மாடு குறைந்துவிட்டது. காட்டோரத்தில் மேய்ந்து, கல்லிலும் மேட்டிலும் வண்டி இழுத்த மாடு அது. இந்தத் தடங்களில் முக்கால்வாசி அவற்றின் குளம்பு போட்டவை. மாடு போகாத தடத்தை இரண்டே மழையில் உண்ணிச்செடி மூடிவிடுகிறது. பென்னாகரம் பக்கம் நான் அறிந்த இரண்டு வழிகள் அப்படித்தான் போயின.

சைக்கிள் பற்றிக் கொஞ்சம். 40 மில்லிமீட்டர் டயரில் தாருக்கு 50 பிஎஸ்ஐ, மண்ணுக்கு 35 என்று காற்று வைத்துக்கொள்கிறேன், என் உடம்புக்கு அது சரியாக இருக்கிறது. பஞ்சரைத் தானே அடைக்கட்டும் என்று டயருக்குள் நீ ஊற்றி வைத்த சீலன்ட் பால் காய்ந்துவிட்டது போலிருக்கிறது. பஞ்சப்பள்ளி தாண்டி வேலிக்காத்தான் முள் ஏறியபோது அடைக்கவே இல்லை. தள்ளிக்கொண்டு போனால், பஞ்சர் கடை பம்ப் உன் ஒல்லி வால்வில் சேரவில்லை. அந்தப் பையன் அரை மணி நேரம் பாடுபட்டான், கடைசியில் ஒரு டெம்போவில் ஏற்றித்தான் வீடு வந்தேன். அதனால் வரும்போது புதுப் பால் ஒரு பாட்டிலும், வால்வு மேலே திருகுகிற பித்தளை அடாப்டர் நாலும் வாங்கி வா. ஒன்று அந்தப் பையனுக்கு.

மார்கழி கடைசி வாரம் வந்துவிடு. ராகி அறுத்து ரோட்டில் பரப்பியிருப்பார்கள், வண்டி ஏறி மணி உதிரட்டும் என்று. அதன் மேல் பிரேக் பிடிக்காதே, வழுக்கும். அவரைக்காயும் அப்போதுதான் பனியில் மணம் ஏறி வரும். களி கிண்ட இப்போது கை வலிக்கிறது என்று அம்மா சொல்கிறார், உனக்காக ஒரு நாள் கிண்டுவாராம். எந்த ரயில் என்று முன்கூட்டியே எழுது, தருமபுரி ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

அன்புடன்,
உன் பங்காளி