ஒரே ஒரு ஸ்ட்ரோக்

அன்புள்ள வாயாடிக்கு,

என் கோல்ஃப் போட்டியின் ரிசல்ட்டைப் பார்த்திருப்பாய். பார்த்துவிட்டும் "பரவாயில்லைடி, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று மெசேஜ் அனுப்பாமல் இருந்தாயே, அதற்கு நன்றி. அதை மட்டும் போதும் போதும் என்கிற அளவுக்குக் கேட்டாகிவிட்டது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது, சின்னவள் இன்னும் பேனாவைக் கடிக்கிறாளா என்றெல்லாம் விசாரிக்க வேண்டும். விசாரித்ததாக வைத்துக்கொள். எனக்குக் கொட்ட வேண்டியது நிறைய இருக்கிறது.

கட் ஒன்று ஓவர், அதாவது பார் என்று விதித்த கணக்குக்கு மேல் ஒரே ஒரு ஸ்ட்ரோக் வரை போனவர்களுக்குத்தான் வாரக் கடைசி ஆட்டத்தில் இடம். நான் இரண்டு ஓவர். செய்தி அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஒன்று வந்து விழுந்த அழகைக் கேள். வெள்ளிக்கிழமை காலை காற்றில் அல்லாடி முடித்து, ஸ்கோர்கார்டில் கையெழுத்துப் போட்டபோது போர்டில் கட் மூன்று ஓவர் என்று இருந்தது. நிம்மதியாகக் குளிக்கப் போனேன். மதியம் காற்று அப்படியே நின்றுவிட்டது. பின்னால் ஆடியவர்கள் ஆளுக்கு ஆள் பாருக்கு ஒன்று குறைவாக முடித்து பர்டி போட, கோடு மூன்றிலிருந்து இரண்டுக்கு வந்தது. முதல் 65 இடம், அதோடு சமமாக நிற்கிறவர்கள் என்பதுதான் கணக்கு. இரண்டு ஓவரில் நாங்கள் ஒரு கூட்டமே தொங்கிக்கொண்டிருந்தோம். கடைசிக் குழுவில் ஒருத்தி 18-ஆவது ஹோலில் பர்டி போட்டாள், மொத்தக் கூட்டமும் வெளியே. அவள் மேல் எனக்குக் கோபமில்லை. பொய். கொஞ்சம் இருந்தது.

கட் தவறினால் பரிசுப் பணம் பூஜ்யம் என்பது உனக்குத் தெரியும். என் பையைத் தூக்கி வருகிற கேடியின் வாரச் சம்பளம், விமானம், ரூம் எல்லாம் என் தலையில். மாசம் பிறந்தால் சம்பளம் வருகிற உன்னைப் போன்றவர்களை நான் அன்று மனதாரத் திட்டினேன். இதோடு விடுகிறேன், பணப் புலம்பல் எனக்கே அலுத்துவிட்டது.

இப்போது நல்ல செய்தி. சிரிக்காதே. அந்த இரண்டு நாளும் நான் அயர்ன் மட்டையால் அடித்த மாதிரி இத்தனை வருஷத்தில் அடித்ததே இல்லை. போன சீசன் முழுக்கப் பந்துக்கு முன்னால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தேனே, நீகூடக் கிணறு வெட்டுகிறாயா என்று கேட்டாயே? இப்போது பந்து கிளம்பிய பிறகுதான் புல் பெயர்கிறது. மெல்லிசாக, நேராக, இலக்கைப் பார்த்தபடி. 14-ஆவது ஹோலை மட்டும் சொல்லிவிடுகிறேன். 165 கஜம். காற்று இடமிருந்து வலம். கொடி வலது ஓரத்தில், அதற்கும் வலப்பக்கம் தண்ணீர். பழைய நான் என்றால் குழியைச் சுற்றிய க்ரீன் புல்தரையின் இடது பாதியைப் பார்த்து அடித்துவிட்டு, பந்தைக் குழிக்கு உருட்டுகிற பட் இரண்டில் பார் எடுத்துக்கொண்டு ஓடியிருப்பேன். இந்த முறை கொடியையே குறி வைத்து, இடப்பக்கம் லேசாக வளைகிற மாதிரி அடித்தேன். பந்து இடப்பக்கம் திரும்பப் பார்க்கிறது, காற்று வலப்பக்கம் தள்ளுகிறது, இரண்டுக்கும் நடுவே நூல் பிடித்த மாதிரி நேராகப் போய் இறங்கியது. ஏழு அடி தூரத்தில். கேடி ஒன்றும் பேசவில்லை, பந்தை உருட்டுகிற பட்டர் மட்டையை மட்டும் நீட்டினான். அவனிடமிருந்து வரக்கூடிய பெரிய பாராட்டு அதுதான்.

ஏழு அடி பட்டைத் தவறவிட்டேன். குழியின் விளிம்பைத் தொட்டுச் சுற்றி வெளியே வந்தது. மொத்த டோர்னமென்ட்டும் அதுதான், வேறு எந்த ஹோலைச் சொன்னாலும் இதையேதான் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கும்.

உன் கணக்குப் புத்திக்கு ஒரு விஷயம். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி என்பவர் பிஜிஏ டூர் என்கிற தொழில்முறைத் தொடரில் ஆடும் ஆண்களின் அடிகளை லட்சக்கணக்கில் எடுத்து அலசியிருக்கிறார். எட்டு அடி தூரத்திலிருந்து அந்த ஜாம்பவான்களே ஏறக்குறையப் பாதியைத்தான் போடுகிறார்கள். முப்பத்து மூன்று அடிக்குப் போனால் சராசரி இரண்டு பட். டிவியில் நாம் பார்ப்பது அந்த வாரம் எல்லாம் உள்ளே போகிற ஆளை மட்டும். அதனால்தான் எட்டடியைத் தவறவிட்டால் ஏதோ குடியே முழுகிப்போன மாதிரி நமக்குத் தோன்றுகிறது. இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் எனக்கு நடந்ததில் பாதி வெறும் நேரம். கெட்ட நேரம்.

மீதிப் பாதிதான் என்னைத் தூங்கவிடவில்லை.

17-ஆவது ஹோலில் மூன்றடிக்கும் குறைவான ஒரு பட். உள்ளே போய்விட்டது, ஸ்கோர்கார்டில் ஒன்றும் தெரியாது. ஆனால் தட்டுவதற்கு முன்னால் வலது கையில் ஏதோ ஒன்று துள்ளிய மாதிரி இருந்தது. உனக்குத்தான் சொல்கிறேன், கேடியிடம்கூடச் சொல்லவில்லை. நம் தாடிக்காரர் ஞாபகம் வந்தது. பயிற்சி ரேஞ்ச் காலியான பிறகு அவர் தனியாக நின்று இரண்டடி பட்டைத் தட்டிக்கொண்டிருந்ததை வலைக்குப் பின்னாலிருந்து பார்த்தோமே. பட்டர் பந்தைத் தொடுகிற கணத்தில் அவர் மணிக்கட்டு தானாக உதறியது. நீ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். அதற்கப்புறம் நாம் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. கை இப்படித் தானாக உதறுவதற்கு யிப்ஸ் என்று பெயர், அந்தப் பெயரைச் சொன்னால் ஒட்டிக்கொள்ளும் என்று டூரில் பாதிப் பேர் அதை வாயால் சொல்வதில்லை. ஜெர்மன் வீரர் பெர்ன்ஹார்ட் லாங்கருக்குப் பல தடவை வந்தது, பிடியை மாற்றி மாற்றிப் பார்த்து 1985-லும் 1993-லும் மாஸ்டர்ஸ் ஜெயித்தார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு படுத்திருந்தேன். எல்லாரும் லாங்கர் ஆக முடியுமா?

சனிக்கிழமை காலை கேடி ஹோல்களின் தூரம் குறித்த தன் யார்டேஜ் புத்தகத்தைத் திறந்து காட்டினான். தவறிய ஒவ்வொரு பட்டையும் சின்ன அம்புக்குறியாகக் குறித்து வைத்திருந்தான். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ஏறக்குறைய எல்லாமே சரிவின் கீழ்ப்பக்கம் போனவை. கை உதறினால் பந்து ஒரு தடவை இந்தப் பக்கம், ஒரு தடவை அந்தப் பக்கம் என்றுதானே போகும்? இது அப்படியில்லை, ஒரே பக்கம்.

காரணத்தையும் பிடித்துவிட்டோம் என்று நினைக்கிறேன். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், பந்து 43-க்குக் கொஞ்சம் குறைவு. பந்து வேகமாகப் போனால் அந்த அகலம் சுருங்கிவிடும், நடுவில் அடித்தால்தான் விழும். மெதுவாகப் போனால் முழு அகலமும் கிடைக்கும், ஆனால் சரிவு இழுத்துக்கொண்டு போய்விடும். என் கண் வேகமான பட்டுக்குக் கோடு பார்க்கிறது, கை மெதுவாகத் தட்டுகிறது. இரண்டும் சேர்ந்தால் பந்து கீழே போகாமல் என்ன செய்யும்? ஏன் கை மெதுவாகத் தட்டுகிறது என்று கேட்பாய். தாண்டிப் போய்விட்டால் திரும்பி வருகிற அந்த மூன்றடிக்குப் பயம். ஆக, பயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இது கோடு மாற்றினால், வேகம் மாற்றினால் தீருகிற பயம். தாடிக்காரருக்கு வந்தது வேறு ஜாதி.

டோக்கியோ ஒலிம்பிக்ஸில் அதிதி அசோக் ஒரே ஸ்ட்ரோக்கில் பதக்கத்தை விட்டு நான்காவதாக வந்தபோது நாம் ராத்திரி முழுக்கப் பேசியது ஞாபகம் இருக்கிறதா? அவளுக்கு முதல் அடி அடிக்கிற டிரைவர் மட்டையில் தூரம் கிடையாது, எல்லாவற்றையும் பட்டர்தான் காப்பாற்றியது. எனக்கு நேர்மாறு. அவளுடைய பட்டரையும் என்னுடைய அயர்னையும் சேர்த்து ஒருத்தியைச் செய்தால் நீங்கள் எல்லாரும் டிவியை அணைத்துவிடலாம், போட்டியே இருக்காது.

நான் சின்னப் பட்டைத் தவறவிட்டால் நீ உடனே கொரிய வீராங்கனை இன்-க்யுங் கிம்மைத்தான் இழுப்பாய். 2012 கிராஃப்ட் நபிஸ்கோ போட்டியில் ஜெயிக்க ஒரே ஒரு அடி தூரப் பட், அது விளிம்பைச் சுற்றி வெளியே வந்தது, பிளே-ஆஃபில் கோப்பை போனது. நீ ரிமோட்டைத் தூக்கி எறிந்தாய். சரி, 2017-இல் கிங்ஸ்பார்ன்ஸில் அவள் பெண்கள் பிரிட்டிஷ் ஓபன் ஜெயித்ததை ஏன் ஒரு தடவைகூடச் சொல்வதில்லை? வக்கீலாகப் போயிருக்க வேண்டியவள் நீ, பாதகமான சாட்சியை மட்டும் கூண்டில் ஏற்றுகிறாய்.

வாரக் கடைசியில் மற்றவர்கள் ஆடிக்கொண்டிருக்க, நான் பயிற்சி க்ரீனில் இரண்டு மரக் குச்சிகளுக்கு நடுவே பந்தை விட்டுக்கொண்டிருந்தேன். குழியைத் தாண்டி ஓரடி போக வேண்டும் என்பது மட்டும்தான் விதி. முதலில் வயிற்றைக் கலக்கியது. போகப் போகச் சத்தம் மாறியது. உள்ளே விழும்போது பந்து பின் சுவரில் மோதுகிற அந்தச் சத்தம் உனக்கும் பிடிக்குமே.

ஒரு உதவி வேண்டும். நாம் ஜூனியராக இருந்தபோது க்ரீன் ஓரத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு நீ எடுத்த வீடியோ உன் பழைய போனில் இருக்கும். அப்போது நான் எதையும் தாண்டி அடிக்கப் பயப்பட்டதில்லை. அந்த ஸ்ட்ரோக்கையும் இப்போதையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தேடிப் பிடித்து செவ்வாய்க்குள் அனுப்பு, வியாழன் முதல் ரவுண்ட். பின்னணியில் நீ பாடுகிற பகுதியை மட்டும் வெட்டிவிடு. கேடியும் பார்ப்பான், அவன் வேலையை விட்டுப் போய்விட்டால் எனக்கு வேறு ஆள் கிடையாது.

உன்,
கிணறு வெட்டி