துடிப்பு சீரானால் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நலவாழ்வு இணைப்பில், இதயத் துடிப்பைச் சீராக்கும் உணவுகள் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். உப்பைக் குறைப்பது, எடையைக் குறைப்பது, நன்றாகத் தூங்குவது என்று அதில் சொன்னவை பெரும்பாலும் சரிதான். ஆனால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற துடிப்புக் கோளாறைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதிவிட்டு, ரத்தக்கட்டி என்ற சொல்லை ஓர் இடத்தில்கூடச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். வயது 64. எட்டு வருடமாக எனக்கு இந்தத் துடிப்புக் கோளாறு இருக்கிறது. என் அண்ணனுக்கும் இருக்கிறது. எங்கள் இருவருக்கும் நடந்தவற்றைச் சொன்னால், அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை நிறுத்த நினைக்கும் யாராவது ஒருவர் யோசிப்பார் என்று நம்புகிறேன்.

முதலில் இந்த நோயில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இதயத்தின் மேலறைகள் இரண்டும் ஒழுங்காகச் சுருங்குவதற்குப் பதிலாக, நிமிடத்துக்கு 300 தடவைக்கு மேல் வெறுமனே நடுங்குகின்றன. கீழறைகள் அதில் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒழுங்கே இல்லாமல் துடிக்கின்றன. மணிக்கட்டில் விரலை வைத்தால் தெரியும்: இரண்டு துடிப்பு வேகமாக வரும், அப்புறம் ஒரு இடைவெளி, பிறகு ஒன்று, உடனே மூன்று. வகுப்பில் எண் தொடர்களை எழுதிப் பழகிய எனக்கு, எந்த விதிக்கும் அடங்காத அந்தத் தொடரைத்தான் முதலில் விரல் நுனியில் உணர்ந்தேன். படபடப்பும் மூச்சிரைப்பும் பிறகுதான் வந்தன.

மேலறை சரியாகச் சுருங்காததால் அங்கே ரத்தம் தேங்குகிறது. குறிப்பாக, இடது மேலறையில் சிறு பை போல ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு பகுதியில் ரத்தக்கட்டி உருவாகிறது. அது பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த நோய் இருப்பவருக்குப் பக்கவாத ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு என்பது அமெரிக்காவில் நடந்த ஃப்ரேமிங்ஹாம் இதய ஆய்வில் பல ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்துவிட்டது. ஆக, சிகிச்சையில் வேலை இரண்டு. துடிப்பைக் கட்டுப்படுத்துவது ஒன்று, கட்டி உருவாகாமல் தடுப்பது இன்னொன்று. உணவும் பழக்கமும் முதல் வேலைக்கு ஓரளவு கை கொடுக்கும். இரண்டாவது வேலையைச் செய்யும் உணவு எதுவும் கிடையாது. உங்கள் கட்டுரை இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டது.

அடுத்து கீரை. கீரையை நிறையச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு முதலில் கொடுத்தது, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின். மாத்திரையைக் கையில் கொடுத்தவர் சொன்னது ஒரே வரி: "கீரை சாப்பிடாதீங்க." ஏன், எவ்வளவு, எத்தனை நாள் என்று எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கீரையை அடியோடு விட்டேன். விட்டேன் என்று சொல்கிறேனே தவிர, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆசை தாங்காமல் ஒரு பெரிய கிண்ணம் சாப்பிட்டுவிடுவேன். சில ஞாயிறு அதுவும் இல்லை.

ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு, வார்ஃபரின் சாப்பிடும் என்னைப் போன்றவர்களுக்கு 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும். எனக்கு 1.4 வரும், அடுத்த முறை 3.8, பிறகு 1.6, பிறகு 4.1. ஒவ்வொரு முறையும் மாத்திரையின் அளவை மாற்றினார்கள். "ஒழுங்கா மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று என்னிடம் கேட்டார்கள். ஒருநாள்கூடத் தவறவிட்டதில்லை. அந்தக் கேள்வி எனக்கு ரொம்ப வலித்தது.

ஒரு நாள் பழைய வரைபடத்தாள் ஒன்றை எடுத்து, கிடை அச்சில் தேதி, செங்குத்து அச்சில் ஐஎன்ஆர் என்று எல்லா எண்களையும் குறித்தேன். கீரை சாப்பிட்ட நாட்களை நினைவில் இருந்தும் நாட்குறிப்பில் இருந்தும் தேடி, பச்சைப் புள்ளி வைத்தேன். பச்சைப் புள்ளிக்குப் பிறகு கோடு இறங்குகிறது. பச்சையே இல்லாத வாரங்களில் ஏறுகிறது. அந்தத் தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். அன்று இருந்த இளம் டாக்டர் அதைக் கையில் வாங்கி ஐந்து நிமிடம் பார்த்தார். "அம்மா, கீரையை விடவே வேண்டாம். தினமும் ஒரே அளவு சாப்பிடுங்க. அதுக்கு ஏத்த மாதிரி மாத்திரையை நாங்க வெச்சுக்கிறோம்" என்றார்.

விஷயம் இதுதான். ரத்தத்தை உறைய வைக்கும் சில புரதங்களைக் கல்லீரல் உருவாக்க வைட்டமின் கே வேண்டும். வார்ஃபரின் அந்த வைட்டமினின் வேலையைத் தடுக்கிறது. கீரையில் அதே வைட்டமின் ஏராளம். இரண்டும் இருபுறமும் இழுக்கும் கயிறு. ஒரு பக்கம் திடீரென்று கூடினாலோ குறைந்தாலோதான் சிக்கல். தினமும் ஒரு கைப்பிடி என்று வைத்த பிறகு, மூன்றே மாதத்தில் என் கோடு 2-க்கும் 3-க்கும் நடுவில் வந்து படுத்துக்கொண்டது. நிறையச் சாப்பிடுங்கள் என்று நீங்கள் எழுதியதும் தவறு, சாப்பிடாதீர்கள் என்று எனக்குச் சொன்னதும் தவறு.

பிறகு எனக்கு வார்ஃபரினுக்குப் பதிலாக அபிக்ஸபன் என்ற புதிய தலைமுறை மாத்திரையைக் கொடுத்தார்கள். டாபிகட்ரன், ரிவராக்ஸபன், எடாக்ஸபன் எல்லாம் இதே தலைமுறையைச் சேர்ந்தவை. 2009-இல் டாபிகட்ரன் ஆய்வு வந்ததிலிருந்து இவை பரவலாகிவிட்டன. இவற்றுக்குக் கீரைக் கணக்கு கிடையாது, மாதாமாதம் ஐஎன்ஆர் பார்க்கவும் தேவையில்லை. ஆனால் இவை எல்லோருக்கும் பொருந்தாது. செயற்கை உலோக வால்வு வைத்தவர்களுக்கும், மிட்ரல் வால்வு ஓரளவுக்கு மேல் குறுகியவர்களுக்கும் இன்றைக்கும் வார்ஃபரின்தான். எனக்கு எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்து வால்வைப் பார்த்த பிறகே மாற்றினார்கள். இன்னொன்று, வார்ஃபரின் போல இவற்றின் வேலை பல நாள் நீடிக்காது. ஒரு நாள் விட்டால் பாதுகாப்பு போய்விடும். ரிவராக்ஸபனை வெறும் வயிற்றில் சாப்பிடக் கூடாது, சாப்பாட்டோடு போட்டால்தான் முழுமையாக உடம்பில் சேரும்.

ஆஸ்பிரின் மென்மையானது, அதுவே போதும் என்று உங்கள் கட்டுரையில் ஒரு வரி வருகிறது. தயவுசெய்து இதைத் திருத்தி வெளியிடுங்கள். வார்ஃபரின் ஒத்துவராதவர்களிடம் அபிக்ஸபனையும் ஆஸ்பிரினையும் ஒப்பிட்ட ஆய்வு 2011-இல் வெளியானது. ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களில் ஆண்டுக்கு 3.7 சதவீதம் பேருக்குப் பக்கவாதமோ வேறு இடத்தில் ரத்தக் குழாய் அடைப்போ வந்தது. அபிக்ஸபன் சாப்பிட்டவர்களில் 1.6 சதவீதம். பெரிய ரத்தக் கசிவு இரண்டு தரப்பிலும் ஏறக்குறைய சமம். மென்மை என்று எதைச் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

இனி டப்பாக்கள். மீன் எண்ணெய், மெக்னீசியம், பூண்டு, மஞ்சள் என்று கட்டுரையின் ஓரக் கட்டத்தில் வரிசையாகப் போட்டிருந்தீர்கள். ஒரு காலத்தில் அந்த நான்கும் என் மேஜையில் இருந்தன. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமின் வேறு. இதயத்துக்கு நல்லது என்று மீன் எண்ணெயை மட்டும் நாளுக்கு நான்கு போட்டேன். அந்த வருடம்தான் படபடப்பு அடிக்கடி வந்தது. என் விஷயத்தில் அதுதான் காரணம் என்று ஆணித்தரமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் 2021-இல் ஏழு ஆய்வுகளில் இருந்த 81,000-க்கும் மேற்பட்டோரின் தகவல்களைச் சேர்த்துப் பார்த்தபோது, நாளுக்கு 1 கிராமுக்கு மேல் ஒமேகா-3 எடுத்தவர்களுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வரும் வாய்ப்பு 49 சதவீதம் கூடியிருந்தது. 1 கிராமும் அதற்குக் கீழும் எடுத்தவர்களுக்கு 12 சதவீதம். 2023-இல் ஐரோப்பிய மருந்து முகமை, மருந்தாகத் தரும் ஒமேகா-3-இன் பக்கவிளைவுகளில் இந்தக் கோளாறையும் சேர்க்கச் சொன்னது. நான் சொல்வது மாத்திரையாக விழுங்கும் எண்ணெயை. தட்டில் வரும் மீன் வேறு.

மெக்னீசியமும் பொட்டாசியமும் ரத்தத்தில் குறைந்தால் துடிப்பு தடுமாறும் என்பது உண்மை. நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டுமே குறையலாம். அதற்கு வழி ரத்தப் பரிசோதனை. குறையாதவர் மெக்னீசியம் விழுங்கினால் துடிப்புக் கோளாறு திரும்பாது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. சிறுநீரகம் பழுதானவருக்கு அது உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். பொட்டாசியத்தைச் சொந்தமாக வாங்கிப் போடுவது இன்னும் ஆபத்து, அளவு மிஞ்சினால் இதயமே நின்றுவிடும்.

பூண்டு, மஞ்சள் காப்ஸ்யூல்களைப் பற்றி எனக்குப் புரிய வைத்தது என் மூக்குதான். ஒரு மாலை மூக்கில் ரத்தம் கசிய ஆரம்பித்து, அழுத்திப் பிடித்தும் முக்கால் மணி நேரம் நிற்கவில்லை. அன்று அவசரப் பிரிவில் இருந்தவர்தான், "மாத்திரை தவிர வேற என்ன சாப்பிடுறீங்க?" என்று முதன்முதலாகக் கேட்டார். இரண்டு வருடத்தில் யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. செறிவூட்டிய பூண்டும் மஞ்சளும் ஜிங்கோ என்ற மூலிகையும் ரத்தக் கசிவைக் கூட்டக்கூடியவை. வலிக்கு எல்லோரும் போடும் ஐபுபுரோஃபனும் அப்படியே. மனச்சோர்வுக்கு என்று விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை நேர்மாறு, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தின் வேலையையே குறைத்துவிடும். பயோட்டின் கதை இன்னும் விசித்திரம். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இந்தத் துடிப்புக் கோளாறு வரும் என்பதால் அதைச் சோதிப்பார்கள். ரத்தத்தில் பயோட்டின் நிறைய இருந்தால் சில பரிசோதனைகளில் அளவுகள் தவறாக வந்து, இல்லாத தைராய்டு நோயை இருப்பதாகக் காட்டும். எனக்கு அப்படித்தான் காட்டியது. சில நாள் நிறுத்திவிட்டு மறுபடி பார்த்தால் எல்லாம் சரி.

அண்ணனைப் பற்றிச் சொல்கிறேன். அவருக்கு அப்லேஷன் செய்தார்கள். தொடை வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, நுரையீரலில் இருந்து ரத்தம் கொண்டுவரும் சிரைகள் இதயத்தில் சேரும் இடத்தைச் சுற்றித் திசுவைச் சுட்டு, தவறான மின் துடிப்பை அடைத்துவிடும் சிகிச்சை. கோளாறு பெரும்பாலும் அந்தச் சிரைகளில்தான் கிளம்புகிறது என்று 1998-இல் பிரான்ஸில் மிஷேல் ஐசகேர் குழுவினர் காட்டிய பிறகு வளர்ந்தது இது. அண்ணனுக்கு நன்றாகவே பலித்தது. ஈசிஜி அழகாக வந்தது. மூன்றாவது வாரம், "துடிப்புதான் சரியாயிடுச்சேம்மா, ரத்தத்தை இளக்கற மாத்திரை இனி எதுக்கு?" என்று அவராகவே நிறுத்திவிட்டார். பதிலுக்குப் பூண்டு காப்ஸ்யூல்.

பத்து நாள் இருக்கும். காலையில் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பொத்தானைப் போட்டுவிட்டு மூன்றாவதில் விரல் நழுவியது. மறுபடி பிடித்தார், மறுபடி நழுவியது. தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். "என்ன அண்ணா?" என்றேன். கை மரத்துப் போச்சு என்று சொல்ல வந்திருக்கிறார், ஆனால் வாயிலிருந்து வந்தவை சொற்களாக இல்லை. சற்றுப் படுத்தால் சரியாகும் என்று கையைக் காட்டிப் படுத்துக்கொண்டார். நானும் விட்டேன். எனக்குத் தெரியாது. கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆறு மணி நேரம் தாண்டியிருந்தது. இன்று அவர் நடக்கிறார். என் பெயரைச் சொல்ல மட்டும் இரண்டு முறை முயல வேண்டியிருக்கிறது.

அப்லேஷனுக்குப் பிறகு குறைந்தது இரண்டு மூன்று மாதமாவது அந்த மாத்திரை கட்டாயம். அதற்குப் பிறகும் தொடர்வதா என்பதை வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, முன்பு பக்கவாதம் வந்ததா என்பதையெல்லாம் கணக்கிட்டு முடிவு செய்வார்கள். ஓராண்டு துடிப்புக் கோளாறு திரும்பாமல் இருப்பவர்களில் யாருக்கு நிறுத்தலாம் என்று இப்போது ஆய்வுகள் வருகின்றன. ஆனால் அது டாக்டரோடு உட்கார்ந்து எடுக்கும் முடிவு. 2002-இல் இந்த நோயாளிகளிடம் நடத்தி வெளியிட்ட அஃபர்ம் என்ற பெரிய ஆய்விலேயே பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர் வார்ஃபரினை நிறுத்தியவர்கள், அல்லது ஐஎன்ஆர் 2-க்குக் கீழே இருந்தவர்கள்.

உணவாலும் பழக்கத்தாலும் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2020-இல் ஆஸ்திரேலியாவில் வழக்கமாகக் குடிக்கும் 140 பேரைப் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். மதுவை விட்டவர்களில் 53 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்தில் கோளாறு திரும்பியது, தொடர்ந்து குடித்தவர்களில் 73 சதவீதம். உடல் பருமன் உள்ளவர்கள் பத்து சதவீத எடையைக் குறைத்து அதைத் தக்கவைத்தால் துடிப்பு வெகுவாக அடங்குகிறது. குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நிற்பவர்கள் அதற்குச் சிகிச்சை எடுப்பதும் முக்கியம். காபியை விடச் சொன்னீர்கள், அது மட்டும் தேவையில்லை போலிருக்கிறது. 2025-இல் வந்த ஆய்வில், மின்னதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சரிசெய்த 200 பேரில், காபி குடித்தவர்களுக்கே கோளாறு திரும்புவது குறைவாக இருந்தது. எனக்கு நாளுக்கு ஒன்று உண்டு.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள்: அந்தக் கட்டுரை வந்த அதே இடத்தில், அதே அளவில், ரத்தக்கட்டியைப் பற்றியும் ஆஸ்பிரின் வரியைத் திருத்தியும் ஓர் இதய மருத்துவரை எழுதச் சொல்லுங்கள். ஓரக் கட்டத்தில் காப்ஸ்யூல் பெயர்களுக்குப் பதிலாக, முகம் ஒரு பக்கம் கோணுவது, கை தளர்வது, பேச்சு குழறுவது, உடனே கிளம்புவது என்று பெரிய எழுத்தில் போடுங்கள். என் ஐஎன்ஆர் வரைபடத்தாளின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். பச்சைப் புள்ளிகள் நகலில் கருப்பாகத்தான் தெரியும், அதனால் அவற்றைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறேன். பயன்பட்டால் அச்சிடுங்கள், திருப்பி அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகி,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியை