ஒரு வத்தைக்கு அளவு கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். இரண்டு ஆண்டுகளும் நான்கு மாதங்களும் மாலை நேரங்களில் நான் செய்துவந்த பாய்மர வத்தையின் சிறு மாதிரி, சென்ற மாதம் நிறைவடைந்தது. 13 அங்குல நீளமுள்ள அந்த மரக்கலத்தைப் பார்க்க வருகிறவர்கள் என் கைத்திறனைப் பாராட்டிவிட்டுச் செல்கிறார்கள். அதில் பெரும்பங்கு என்னுடையதன்று என்பதை நேரில் வந்தவர்களிடம் சொல்லியிருக்கிறேன்; வராதவர்களும் அறிய வேண்டும் என்பதற்காக இம்மடலை எழுதுகிறேன்.

தொண்டி, நம்புதாளை, மோர்ப்பண்ணைக் கரைகளில் வளர்ந்தவர்களுக்கு வத்தையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சிறிது சொல்கிறேன். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். அதற்கேற்ப அதிகம் நீரில் அமிழாத உடலும், உடலுக்கு மிஞ்சிய பெரிய பாயும் கொண்ட படகு இது. காற்றில் படகு சாயும்போது, விளிம்புக்கு விளிம்பு குறுக்கே கட்டிய நீண்ட பலகையின் வெளிமுனையில் ஆட்கள் ஏறி உட்கார்ந்து, தங்கள் உடல் எடையாலேயே அதை நிமிர்த்துவார்கள். சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகுகளைப் பற்றி 1920-இல் வெளியிட்ட ஆய்வில் இந்தப் பலகையைக் குறித்து எழுதியிருக்கிறார். இயந்திரம் வந்த பிறகு, கோயில் திருவிழாக்களையொட்டி நடக்கும் பாய்மரப் படகுப் போட்டிகளில்தான் இந்தக் காட்சியை இன்று நிறைவாகக் காண முடிகிறது. மாதிரிக் கப்பல் செய்பவர்கள் வழக்கமாக ஐரோப்பியப் போர்க்கப்பல்களின் வரைபடங்களை வைத்துக்கொண்டு தொடங்குவார்கள். எனக்கு வேண்டியது எங்கள் கரையின் படகு; அதற்கு வரைபடம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே முதல் நன்றி, தம் தாத்தா கட்டிய வத்தையை அளக்க அனுமதித்த அண்ணனுக்கு உரியது. கரையோரக் கருவேல மரங்களின் அடியில் பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்த அந்தப் படகை விறகுக்குப் பேசி முன்பணமும் வாங்கியிருந்த அவர், நான் கேட்டதும், "அளந்துக்க தம்பி, ஆனா பொங்கலுக்கு முன்னாடி முடிச்சுரு" என்று சொல்லி, வாங்க வந்தவரை மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தள்ளிப்போட்டார். அதனால் அவருக்கு நேர்ந்த மனத்தாங்கலைப் பிறகுதான் அறிந்தேன். பொங்கல் கழிந்து நான் போனபோது அந்த இடத்தில் மணலில் பதிந்த தடம் மட்டுமே இருந்தது.

அளப்பதற்கு உதவிய கொத்தனார் தம்பிக்கு அடுத்த நன்றி. வளைந்த உடலை டேப்பை வைத்து அளந்துவிடலாம் என்று நினைத்திருந்த எனக்கு, சுவருக்கு மட்டம் பார்ப்பதைப் போலவே படகுக்கும் முதலில் ஒரு நேர்கோடு வேண்டும் என்று காட்டியவர் அவர்தான். தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாயால் மட்டம் பிடித்து, படகின் நெடுகிலும் நூல் கட்டி, இரண்டடிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு இடங்களில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு மூன்று அங்குல உயரத்திலும் நூலிலிருந்து பலகை எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அவர் சொல்லச் சொல்ல நான் நோட்டில் குறித்துக்கொண்டேன். நீளம் 26 அடி, நடுவயிற்றில் அகலம் ஐந்தரை அடி. ஓர் அடிக்கு அரை அங்குலம் என்று அளவைக் குறைத்தேன். அதாவது 24-இல் ஒரு பங்கு. அந்த மூன்று நாள் கூலியை இன்றுவரை அவர் வாங்க மறுத்து வருகிறார்.

இனி, படகு கட்டும் தச்சரான ஓடாவி ஐயாவைப் பற்றி எழுத வேண்டும். எண்பது வயதைக் கடந்த அவர் கட்டிய படகுகள் எத்தனை என்று அவருக்கே கணக்கில்லை. என் நோட்டைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, படகு எப்படிக் கிடந்தது என்பதுதான். இடப்பக்கம் மணலில் புதைந்து விரிந்திருந்ததைச் சொன்னேன். அப்படியானால் வலப்பக்க அளவை மட்டும் வைத்துக்கொண்டு மறுபக்கத்தை அதற்கு இணையாக வரையச் சொன்னார். நடுவில் மட்டும் தாங்கல் இருந்து நெடுநாள் கிடந்த படகில் அணியம் என்னும் முன்பகுதியும் பின்பகுதியும் தொய்ந்து இறங்கும் என்றும், அதனால் படகின் அடிமரமான ஏராவின் கோட்டை நான் அளந்தபடியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் எச்சரித்தார். பிறகு ஒரு மூங்கில் சிம்பைச் சீவி, தாளில் மூன்று புள்ளிகளில் ஆணி அடித்து, அவற்றில் படுமாறு அதை வளைத்துக் காட்டினார். வளைவு எங்கேனும் முரண்டினால் அந்த அளவைத் தவறென்று தள்ளலாம்; சிம்பு இயல்பாக எடுக்கும் கோடுதான் பலகையும் எடுக்கும் கோடு. நான் குறித்துவந்த அளவுகளில் பதினொன்றை இந்த ஒரு சோதனையால் நீக்கினோம். படகின் விலா எலும்பு போன்ற வங்குக்கு நேர்மரத்தை அறுத்து வளைவு உண்டாக்காமல், இயற்கையிலேயே வளைந்த கிளையைத் தேடி எடுப்பதன் காரணத்தையும் அவரே விளக்கினார். வளைவோடு நார் ஓடினால்தான் மரம் அலையின் அடியைத் தாங்கும். அவர் சொல்லைப் பின்பற்றி, என் மாதிரியின் வங்குகளைப் பூவரசின் சிறு வளைந்த குச்சிகளிலிருந்தே செதுக்கினேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கப்போகும் படகுக்கு இது தேவையா என்று சிலர் கேட்டார்கள். தேவை என்றே இன்றும் எண்ணுகிறேன்.

பலகைக்கு முதலில் தேக்கை எடுத்தது என் பிழை. ஓர் அங்குலக் கனமுள்ள பலகை இந்த அளவில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே மேல். அவ்வளவு மெல்லியதாகச் சீவினால் தேக்கின் வரி பருத்துத் தெரிவதோடு, அணியத்தின் வளைவில் பிளந்தும் போகிறது. இராமநாதபுரத்தில் ஓர் அறுவை மில்லின் மேலாளர் என் தொல்லையைக் கேட்டுவிட்டு, கழிவுக் குவியலிலிருந்து மஞ்சக்கடம்புத் துண்டுகளைத் தேடி எடுத்துத் தந்தார். நெருக்கமான இழையுள்ள அந்த மரத்தைக் கொதிநீரில் ஊறவைத்து வளைத்தபோது ஒன்றுகூடப் பிளக்கவில்லை. ஒட்டுப்பலகையில் வெட்டிய பன்னிரண்டு அச்சுகளைக் கவிழ்த்து நிறுத்தி, அவற்றின்மேல் பக்கத்துக்கு ஒன்பது பலகைகளாகப் போர்த்தி, உடல் இறுகியதும் அச்சுகளை எடுத்துவிட்டு வங்குகளைப் பொருத்தினேன்.

நகைத் தொழில் செய்யும் பத்தர் ஐயாவின் உதவி நான் எதிர்பாராதது. பலகைகளை வங்கோடு பிணைக்க, அரை மில்லிமீட்டர் அளவுள்ள ஆணிகள் பல நூறு தேவைப்பட்டன. பொற்கம்பி இழுக்கும் அச்சுத் தகட்டை அவர் ஒரு மாதம் என்னிடமே விட்டுவைத்தார். மூங்கில் ஈர்க்குகளைப் பெரிய துளையில் தொடங்கிச் சிறிய துளைவரை ஒவ்வொன்றாக இழுத்தால், மயிரிழை போன்ற மூங்கில் ஆணிகள் கிடைக்கின்றன. அவற்றின் தலை இரும்பாணிபோல் தோன்ற, தேயிலைச் சாயம் தடவி, அதன்மேல் துருப்பிடித்த ஆணிகளை ஊறவைத்த வினிகரைத் தொட்டுவைத்தால் கருமை ஏறிவிடுகிறது. இந்த யோசனையும் அவருடையதே.

பாய் தைத்துத் தந்த தையற்கடை அக்காவுக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. உண்மைப் பாயில் கால் அங்குலமாக இருக்கும் தையல் இந்த மாதிரியில் கால் மில்லிமீட்டராகச் சுருங்க வேண்டும். அந்த அளவுக்கு எந்த ஊசியும் இறங்காது. பென்சிலால் கோடு போட்டுவிடலாம் என்று நான் சொன்னதை அவர் ஏற்கவில்லை. பழைய மெல்லிய வேட்டித் துணியில் துண்டுகள் இணையும் இடங்களில் ஒரே ஓர் இழையை உருவி எடுத்துவிட்டார். வெளிச்சத்தில் பிடித்தால் அந்த வரிகள் மூட்டுவாய் போலவே தெரிகின்றன. பாயை ஏற்றும் கயிறான ஆஞ்சானும், பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறான தாமானும் கடையில் வாங்கிய நூலாக இருந்தால் தொங்கும் விதமே பொய்யாகிவிடும் என்று சொல்லி, மூன்று புரிகளை ஒரு பக்கம் முறுக்கி, மூன்றையும் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்கித் தேன்மெழுகு தடவும் பக்குவத்தை, வலை பொத்தும் பெரியவர் ஒருவர் கற்றுத்தந்தார்.

போட்டிக்குப் பழகும் இளைஞர்கள் தெற்கிலிருந்து சோழகக் காற்று வீசிய ஒரு நாளில் என்னையும் ஏற்றிச் சென்றார்கள். குறுக்குப் பலகையை எங்கே கட்டுகிறார்கள், பாய் பக்கம் மாறும்போது அதை எப்படி நகர்த்துகிறார்கள், பாயைத் தாங்கும் கழியான பருமல் எந்த இடத்தில் பாய்மரத்தோடு உரசுகிறது என்பவற்றையெல்லாம் நான் நனைந்துகொண்டே பார்த்தேன். மாதிரியின் பருமலில் அந்த உரசல் தடத்தையும் காட்டியிருக்கிறேன். வீட்டின் முன்னறை மேசையை இரண்டு ஆண்டுகள் விட்டுக்கொடுத்து, மரத்தூளைப் பொறுத்துக்கொண்ட என் மனைவிக்கும் தாயாருக்கும் இம்மடலில் ஒரு வரி கட்டாயம் உண்டு.

நிறைவடைந்த மாதிரியை முதலில் ஓடாவி ஐயாவிடமே எடுத்துச் சென்றேன். மடியில் வைத்து, அணியத்திலிருந்து பின்பகுதிவரை மேல்விளிம்பின்மேல் விரலை ஓட்டினார். மீண்டும் ஒருமுறை ஓட்டினார். பிறகு, "இது கெடந்து தொங்குன படகு தம்பி, கட்டுன படகு இல்ல" என்றார். அடியில் ஏராவின் தொய்வை அவர் சொன்னபடி திருத்திய நான், மேல்விளிம்பை மட்டும் அளந்த அளவிலேயே விட்டிருக்கிறேன். அணியத்தில் அது மூன்று அங்குலம் தாழ்ந்திருக்கிறது. மாதிரியில் அரைக்கால் அங்குலம். வீட்டுக்கு வந்து மூங்கில் சிம்பை வைத்துப் பார்த்தேன். அவர் விரல் சொன்னது சரி.

சென்ற வாரம் பாயையும் மரத்தையும் இறக்கிவைத்துவிட்டு, இருபுறமும் மேலுள்ள இரண்டு பலகைகளைக் கழற்றிவிட்டேன். மஞ்சக்கடம்பு இன்னும் இரண்டு துண்டுகள் மீதமிருக்கின்றன; பத்தர் ஐயா அச்சுத் தகட்டை மறுபடியும் கொடுத்திருக்கிறார். திருத்திய வரைபடத்தின் ஒரு படி, வத்தையை அளக்கத் தந்த அண்ணனின் வீட்டுக்குப் போய்ச் சேரும்.

நன்றியுடன்,
தொண்டிக் கரையிலிருந்து
வத்தையின் மாதிரியைச் செய்துகொண்டிருப்பவன்