ரத்தத்தில் ஊறிய திருட்டா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் பாரிஸ் பயணக் கட்டுரையில், மெட்ரோ ரயிலில் பையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லும் இடத்தில், "ஜிப்சிகளுக்குத் திருட்டு ரத்தத்திலேயே ஊறியது" என்று ஒரு வரி. மெட்ரோவில் பிக்பாக்கெட் உண்டு, எச்சரிக்க வேண்டியதுதான். அதற்கு ஒரு இனத்தின் ரத்தம் எதற்கு? அந்த வரியைப் படித்துப் பார்த்துத்தான் அச்சுக்கு அனுப்பினீர்களா?

நான் ஜேர்மனியில் வாழும் ஈழத்தமிழன். இங்கே அந்த வரி என்ன செய்தது என்று தாங்கள் அறியாதவர் அல்ல. 'ஜிப்சி' என்று நீங்கள் எழுதும் மக்களின் உண்மைப் பெயர் ரோமா, ஜேர்மனியில் நெடுங்காலமாக வாழும் பிரிவினர் சின்டி. நாஜிகள் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டுபோன ஏறத்தாழ 23,000 சின்டி, ரோமா மக்களில் பெரும்பாலோர் அங்கேயே மாண்டார்கள். 1944 ஆகஸ்ட் 2ஆம் திகதி இரவு, அவர்களுடைய பகுதியில் எஞ்சியிருந்த நான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்களை, குழந்தைகள் உட்பட, விஷவாயு அறைக்கு அனுப்பினார்கள். தப்பியவர்கள் இழப்பீடு கேட்டபோது, 1943க்கு முன் அவர்களுக்கு நடந்தது இனவெறியால் அல்ல என்று மேற்கு ஜேர்மனியின் உயர்ந்த நீதிமன்றம் 1956இல் சொன்னது. திருட்டிலும் மோசடியிலும் நாட்டமுள்ளவர்கள் என்று தீர்ப்பிலேயே எழுதினார்கள். உங்கள் கட்டுரையாளர் எழுதியதும் அதைத்தானே? சின்டி மக்கள் 1980இல், டாஹாவ் நாஜி முகாம் இருந்த இடத்தில் உண்ணாவிரதம் இருந்து போராடி, 1982இல்தான் நடந்தது இனப்படுகொலை என்று அரசின் வாயால் கேட்டார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் இருந்த அகதி முகாமில், அடுத்த அறையில் ருமேனியாவிலிருந்து வந்த ஒரு ரோமா குடும்பம் இருந்தது. யாரோ ஒருவருடைய சைக்கிள் காணாமல் போனது. பொலிஸ் வந்து நேராக அந்த அறையைத்தான் புரட்டிப்போட்டது. எங்கள் கதவைத் தட்டக்கூட இல்லை. சைக்கிள் கிடைக்கவேயில்லை, ஆனால் எடுத்தது அவர்கள்தான் என்று முகாமே பேசியது, நம்மவர்களும் சேர்ந்து. 1992இல் ரொஸ்டொக் நகரில் கூட்டம் கல்லெறிந்ததும் முதலில் ரோமா அகதிகள் இருந்த விடுதி மேல்தான். அவர்களை அங்கிருந்து அகற்றியதும், பக்கத்தில் இருந்த வியட்நாம்காரர்களின் வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். அடுத்தது யார் என்று நாங்கள் பயந்த பயம் எங்களுக்குத்தான் தெரியும். ட்ராமில் என்னைக் கண்டதும் கைப்பையை இறுக்கிக்கொண்ட பெண்களும் உண்டு. அவர்கள் கண்ணுக்கு நானும் ரோமாதான்.

அப்புறம் இன்னொன்று. முன்பு இதே பத்திரிகை, ரோமா மக்கள் இந்தியாவிலிருந்து போனவர்கள், 1971இல் லண்டன் அருகே கூடிய மாநாட்டில் ஏற்ற கொடியில் சக்கரம் இருக்கிறது என்று பெருமையாக எழுதியது. பெருமைக்கு நம் உறவு, பயணக் குறிப்பில் திருடர். ஃபாஷன் பக்கத்தில் 'ஜிப்சி உடை', சோதிடப் பக்கத்தில் குறி சொல்லும் 'ஜிப்சிப் பெண்'. ஐரோப்பாவில் அவர்களில் மிகப் பெரும்பாலோர் நிரந்தர வீட்டில் வாழ்கிறார்கள் என்று ஒருமுறையாவது எழுதினீர்களா? அப்போதும் ஒரு கடிதம் போட்டேன், பதிலும் இல்லை, பிரசுரமும் இல்லை.

அடுத்த இதழில் இரண்டு வரி வருத்தம் போடுங்கள். பயணத் தொடர் புத்தகமாகும்போது அந்த வரியை எடுத்துவிடுங்கள். ஆகஸ்ட் 2க்கு ஒரு பக்கம் ஒதுக்குவீர்களானால், ஹைடல்பெர்க்கில் உள்ள சின்டி, ரோமா ஆவண மையத்துக்குப் போய்ப் பார்த்து எழுதி அனுப்பத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகன்,
மன்ஹைம், ஜேர்மனி