ஒருவழியாக வீடு கிடைத்தது

சுமதி,

திட்ட ஆரம்பிக்காதே. பதில் போடாததற்குப் பெரிய காரணமெல்லாம் இல்லை, எழுத உட்கார்ந்தால் வாடகைப் புலம்பலைத் தவிர வேறெதுவும் வரவில்லை, அவ்வளவுதான். அம்மாவுக்குக் கால் வலி தேவலையா? குண்டு ராஜிக்கு ரெண்டாவதும் பையனாமே, நன்றாக வேண்டும் அவளுக்கு.

சரி, விஷயம் இதுதான்: வீடு கிடைத்துவிட்டது. ரெண்டு பெட்ரூம், தரைத்தளம், பஸ் வாசலிலேயே நிற்கும்.

அமெரிக்காவில், அதுவும் அயோவாவில் சோளக்காட்டுக்கு நடுவில் இருக்கும் ஊரில் வீட்டுக்கு என்னடி பஞ்சம் என்று நீ அன்றைக்குச் சிரித்தாய். காலேஜ் ஊரில் வீட்டையா வாடகைக்கு விடுகிறார்கள், கட்டிலை விடுகிறார்கள். நாலு ரூமுக்கு நாலு பசங்க, தலைக்கு ஒரு வாடகை, ஜாமீனுக்கு நாலு அப்பாக்கள். நானும் பையனும் அவர்களோடு எங்கே போட்டி போடுவது? வாடகையைப் போல மூணு மடங்கு வருமானம் காட்டு என்பார்கள், என் ஸ்டைபெண்டை, அதாவது மாணவர் உதவித்தொகையைப் பார்த்ததும் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். லீஸ் எல்லாம் ஆகஸ்டில் தொடங்கி ஜூலையில் முடியும். ஊரே ஒரே வாரத்தில் வீடு மாறும், நடைபாதை முழுக்க மெத்தையும் சோபாவும் கிடக்கும். (எங்கள் சோபா எங்கிருந்து வந்தது என்று அம்மாவிடம் உளறி வைக்காதே.)

குறைந்த வருமானக்காரர்களுக்கு என்று இங்கே முக்கியமாக ரெண்டு வழி. ஒன்று அரசாங்க வவுச்சர். நம் வருமானத்தில் சுமார் 30 சதவீதத்தை நாம் கட்டினால் மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, வெயிட்டிங் லிஸ்டையே மூடி வைத்திருக்கிறார்கள். இன்னொன்று 1986-இல் வந்த வரிச்சலுகைத் திட்டம். கட்டுகிறவருக்கு வரியில் கழிவு, பதிலுக்கு அவர் வாடகையை ஒரு வரம்புக்குள் வைக்க வேண்டும். அப்படி ஒரு குடியிருப்புக்கு போன் போட்டேன். எடுத்த பெண், “முழுநேர மாணவியா? ஸாரி” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அப்புறம்தான் எனக்கு வெறி வந்தது. உனக்குத் தெரியுமே, வார்டனிடம் மெஸ் பில்லுக்குச் சண்டை போட்ட அதே வெறி. உட்கார்ந்து விதியைப் படித்தேன். வீட்டில் இருக்கிற எல்லோருமே முழுநேர மாணவர்கள் என்றால் இடம் கிடையாது, அது உண்மை. வருஷத்தில் ஏதாவது அஞ்சு மாசம் முழுநேரமாகப் படித்தாலே மாணவர்தானாம். இதில் கூத்து என்னவென்றால், மூணாம் வகுப்புப் படிக்கும் என் பிள்ளையும் அந்தக் கணக்கில் முழுநேர மாணவன்! ஆனால் விலக்கும் அங்கேயே இருக்கிறது: தனியாகப் பிள்ளை வளர்க்கும் அம்மாவோ அப்பாவோ என்றால் தரலாம். சேர்ந்து வரி தாக்கல் செய்கிற புருஷன் பெண்டாட்டிக்கும் தரலாம். அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு நேரிலேயே போய் நின்றேன். மேனேஜர் அம்மாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ரெண்டு தடவை படித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் விண்ணப்பத்தை நீட்டினாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொஞ்சம் வலித்தது சுமதி. பேங்க் ஸ்டேட்மெண்ட், சம்பளச் சீட்டு, பையனின் அப்பா அனுப்பும் பணத்துக்குக் கோர்ட் பேப்பர். ஒவ்வொன்றாக மேஜையில் வைத்து, நான் ஏழைதான் என்று நானே நிரூபிக்க வேண்டியிருந்தது. ஊரில் எல்லோரும் நான் அமெரிக்காவில் டாலரில் குளிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பயம் முழுசாகப் போகவில்லை. இந்த வாடகை, இந்த வட்டாரத்துக் குடும்பங்களின் வருமானத்தை வரிசையாக வைத்தால் நடுவில் வரும் தொகையை வைத்துப் போடுவது, என் வருமானத்தை வைத்து அல்ல. கோடையில் ஸ்டைபெண்ட் நின்றாலும் வாடகை அதேதான். எங்கள் கேன்டீனில் சமைக்கிற அம்மாளுக்கு அதுவும் கட்டாது என்று பக்கத்து கவுண்டியிலிருந்து (நம்மூர் மாவட்டம் மாதிரி) விடியற்காலையில் கார் ஓட்டி வருகிறாள். அவள் பெயர் வவுச்சர் லிஸ்டில் இருக்கிறதாம், எப்போது கூப்பிடுவார்களோ.

உன் அக்கா பெண் இங்கே படிக்க வருவதாகச் சொன்னாயே. கல்யாணமாகாத முழுநேர மாணவி, தனியாக இந்த வழியை நம்பி வர வேண்டாம் என்று சொல். வேலைக்குப் போகும் பெண் ஒருத்தியோடு சேர்ந்து எடுத்தால் வாய்ப்பு உண்டு, ஆனால் ரெண்டு பேர் வருமானத்தையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். எப்படியானாலும் ஆகஸ்டுக்கு வீடு வேண்டுமென்றால் முந்தின குளிர்காலத்திலேயே தேட ஆரம்பிக்கட்டும். என் நம்பரைக் கொடு, ராத்திரி ஒன்பதுக்கு மேல் கூப்பிடச் சொல், அதற்கு முன்னால் வீட்டுப்பாட யுத்தம் நடக்கும்.

உன் 
மாலு