டேபிள் டென்னிஸ் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. உள் போட்டிகள் நடந்தன. முடிவுகள் அறிவிப்புப் பலகையில் உள்ளன. கிழிந்த வலை மாற்றப்பட்டது.

அடுத்தது புதன்கிழமை மாலை வகுப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த ஆண்டு அதிகம் பேசப்பட்டது இதுதான். ஆனால் பேசியவர்களில் பலர் ஒரு புதன்கிழமைகூட வந்து பார்க்கவில்லை.

நெருங்கியவர்களைப் பறிகொடுத்தவர்கள் வந்து ஆடவும், கை பழகியதும் சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவும் ஒதுக்கிய நேரம் அது. என் மனைவி இறந்த பிறகு என்னைத் தேற்றியது இந்த மேசைதான் என்பதால் நானே அதை முன்மொழிந்தேன். "துக்கத்தில் இருக்கிறவருக்கு விளையாட்டு ஒரு கேடா?" என்று செயற்குழுவிலேயே ஒருவர் கேட்டார். அவருக்கு அன்று சொன்ன பதிலை இங்கேயும் பதிவு செய்கிறேன்.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்களான மார்கரெட் ஸ்ட்ரோபேயும் ஹெங்க் ஷூட்டும் 1999இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். துக்கப்படுகிறவர் இழப்பை நினைத்து உருகுவதும், அதை விட்டு விலகி வாழ்க்கையைக் கவனிப்பதுமாக மாறி மாறிப் போய்வருகிறார். இரண்டும் தேவை, நடுவே எடுக்கும் ஓய்வும் தேறுவதில் ஒரு பகுதி என்றார்கள். ஆட்டம் தருவது அந்த ஓய்வைத்தான். மேசையின் நீளம் 2.74 மீட்டர், பந்தின் எடை 2.7 கிராம். வேகமான ராலியில், அதாவது பந்தை விடாமல் மாறி மாறி அடிக்கும்போது, எதிராளி அடித்த பந்து அரை வினாடிக்குள் நம்மிடம் வந்துவிடும். அதற்குள் சுழற்சியைக் கணித்து, காலை நகர்த்தி, மட்டையைச் சாய்க்க வேண்டும். வேறு நினைப்புக்கு அங்கே இடமில்லை. ராலி முடிந்ததும் நினைவு வரும். வரட்டும், இறந்தவரை மறப்பதற்காக யாரும் ஆட வரவில்லை.

ஆடுவதைவிடக் கற்றுக்கொடுப்பதுதான் ஆளை மீட்கிறது என்பது நான் கண்ட உண்மை. ஆடப் பிடிக்கவில்லை என்றால் வீட்டிலேயே இருந்துவிடலாம். மட்டையோடு ஒரு குழந்தை காத்திருக்கிறது என்றால் எழுந்து முகம் கழுவி வரத்தானே வேண்டும்?

நம் மூத்த உறுப்பினர் ஒருவர் மனைவியை இழந்தபின் நெடுநாள் வெளியே வரவில்லை. அவர் ஆடிய காலத்தில் ஒரு கேமுக்கு 21 புள்ளி, ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் சர்வீஸ் ஆளுக்கு ஐந்தைந்தாக மாறி மாறி வரும். 2001இல் அது 11 புள்ளி, இரண்டிரண்டு சர்வீஸ் என்று மாறியது. அவரிடம் கற்க வந்த சிறுமி தகப்பனை இழந்தவள். சர்வீஸ் போடும்போது பந்தை விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். "கையை நல்லா விரிம்மா, பந்து தானா உட்காரட்டும். இப்போ நேரே மேலே போடு" என்று அவர் சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருப்பார். விதிப்படி பந்து விரித்த உள்ளங்கையில் இருந்து 16 செ.மீ.யாவது எழும்ப வேண்டும். அவர் பழைய ஞாபகத்தில் மூன்றாவது சர்வீஸுக்குத் தயாரானால், "தாத்தா, ரெண்டு முடிஞ்சிருச்சு, இனி என்னோடது" என்று அவள் திருத்துவாள். ஒரு மாலை ஆட்டத்தின் நடுவில் அவர் வெளியே போய் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். யாரும் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தானே உள்ளே வந்து, "ஸ்கோர் என்ன?" என்று கேட்டார். எட்டுக்கு ஆறு என்றாள். தொடர்ந்து ஆடினார்கள்.

இதை வைத்தியம் என்று நான் சொல்லவில்லை. தூக்கமும் சாப்பாடும் நெடுநாளாகக் கெட்டுப்போனவர்களை மருத்துவரைப் பார்க்கச் சொல்லித்தான் அனுப்புகிறோம். ஆனால் "ஒரு நல்ல மேசை வீணாகிறது" என்ற புகாரை என்னால் ஏற்க முடியாது. அந்த வகுப்பு தொடங்கும் முன் புதன்கிழமைகளில் அந்த மேசை பெரும்பாலும் மடித்துத்தான் கிடந்தது.

சந்தா விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். பாக்கி வைத்திருப்பவர்கள் கணிசம். நினைவூட்டல் அனுப்பினால் பதில் இல்லை, தொலைபேசியில் அழைத்தால் அடுத்த வாரம் என்கிறார்கள். பொதுக்குழுவுக்கும் வருவதில்லை, ஆனால் போட்டி அட்டவணையில் பெயர் விடுபட்டால் அன்றே தகவல் வந்துவிடுகிறது. புதன்கிழமைக்கு வருகிறவர்களிடம் நாம் சந்தா கேட்கவில்லை. அப்படியிருந்தும் அவர்களில் சிலர் தாங்களாகவே பந்துப் பெட்டிகள் வாங்கித் தந்தார்கள்.

வரவும் செலவும் ஏறக்குறைய சமமாக உள்ளன. சிறு இருப்பு உண்டு. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது, வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

தலைவர், பொருளாளர், நடுவர்களாக உதவியவர்கள், கூடத்தைச் சுத்தமாக வைத்திருந்தவர்கள் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டு பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். புதன்கிழமை வகுப்பை நானும் அந்த மூத்த உறுப்பினரும் மட்டுமே தாங்கி நிற்க முடியாது. நன்றாக ஆடத் தெரிந்தவர்கள் இந்தக் கூடத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஆறுதல் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை, குழந்தைகளுக்குப் பந்து போட்டுக் கொடுத்தால் போதும். இரண்டாவது மேசையும் தேவைப்படுகிறது; பாக்கிச் சந்தா வந்தாலே அதற்குப் பாதி வழி பிறந்துவிடும். வர விருப்பமுள்ளவர்கள் கூட்டம் கலையும் முன் என்னிடம் பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்