பாலத்தை மூன்றே முக்கால் நிமிடத்தில்

பட்டர்வொர்த்

அன்பு மகனே,

பசியாறிவிட்டாயா? அங்கே இன்னும் விடிந்திருக்காது. இங்கே அப்பா கோப்பி குடித்துவிட்டு மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். போன வாரத்திலிருந்து அந்தப் பழைய இஎக்ஸ் 5ஐ ஒரு நாளைக்கு இரண்டு தடவை துடைக்கிறார். எல்லாம் நீ அனுப்பிய மோட்டார் பந்தயப் படத்தால் வந்த வினை.

ஜூன் மாதம் லிவர்பூலில் கப்பலேறி மேன் தீவுக்கு டிடி என்கிற மோட்டார் சைக்கிள் பந்தயம் பார்க்கப் போகிறேன் என்று நீ போனில் சொன்னபோது நான் பேசாமல் இருந்தேன். நீ அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டாய். "படத்தைப் பாருங்கம்மா, அப்புறம் திட்டுங்க" என்றாய். சரி, பார்த்துவிட்டேன். மூன்று முறை. இதைப் போனில் சொல்லலாம் என்றால் பாதியில் உன் அப்பா பிடுங்கிக்கொள்கிறார், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

படம் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே அப்பா நிறுத்தச் சொன்னார். ஒரு சுற்று எவ்வளவு தூரம் என்று அவருக்கு உடனே தெரியவேண்டும். 60.7 கிலோமீட்டர். காலண்டர் தாளைக் கிழித்துக் கணக்குப் போட்டார். நம் பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர். நாலரைத் தடவை பாலம் கடந்தால் அங்கே ஒரு சுற்று. பீட்டர் ஹிக்மன் 2023இல் அதை 16 நிமிடம் 36 வினாடியில் முடித்திருக்கிறார், சராசரியே மணிக்கு 219 கிலோமீட்டர். அந்த வேகத்தில் போனால் நம் பாலத்தைக் கடக்க மூன்றே முக்கால் நிமிடம்கூட ஆகாது. அப்பாவுக்கு இருபது நிமிடம் ஆகும். எதிர்க்காற்று அடித்தால் இருபத்தைந்து. அதுவும் நம் பாலம் கிட்டத்தட்ட நேர். அங்கே இருநூறுக்கும் மேல் வளைவு, இரண்டு பக்கமும் கல் சுவர், விளக்குக் கம்பம், வீட்டு வாசல். நேற்றுவரை பஸ் ஓடிய ரோடு. பந்தய நேரத்துக்கு மட்டும் மூடிவிட்டு, முடிந்ததும் ஊர் ஜனங்களுக்கே திறந்துவிடுகிறார்கள்.

எனக்குப் புதிதாக இருந்தது வேறு. நம் செப்பாங் பந்தயத் திடலில் நடப்பதுபோல எல்லாரும் ஒன்றாக வரிசை கட்டிக் கிளம்புவது இல்லை. பத்து வினாடிக்கு ஒருவராக அனுப்புகிறார்கள். முன்னால் ஓடுகிறவன் கண்ணிலேயே படாமல் இருக்கலாம். கடிகாரத்தோடுதான் போட்டி. இதை எப்படிப் படமாக்கிக் காட்ட முடியும் என்று யோசித்தேன். ஆள் இல்லாத ரோட்டில் ஒருவன் தனியாகப் போவதில் என்ன இருக்கிறது?

நீ அனுப்பிய படத்தோடு நிற்காமல் யூடியூபிலும் தேடிப் பார்த்தேன், திட்டாதே. ரோட்டோரத்தில் யாரோ போனில் எடுத்த ஒரு துண்டு. முதலில் பறவைச் சத்தம் மட்டும். யாரோ இருமுகிறார்கள். எங்கோ கொசு மாதிரி ஒரு ரீங்காரம், அது வளர்கிறது, அப்புறம் ஒரு அறை விழுந்த மாதிரி ஏதோ போய்விட்டது. வண்டியை நான் பார்க்கவே இல்லை. அது போன பிறகுதான் வேலியோரப் புல் படுத்து எழுந்தது. அந்தப் புல்லைப் பார்த்தபோதுதான் எனக்கு அடிவயிறு சில்லிட்டது. வேகமானியில் எத்தனை எண் காட்டினாலும் அது என்னைத் தொடாது.

இன்னொன்று வண்டியிலேயே பொருத்திய கேமரா. முழுச் சுற்று. பிரே ஹில் இறக்கத்தில் வண்டி அடியில் போய் இடிக்கிறது, ஸ்பிரிங் நசுங்குகிறது, கல் சுவர் தோளை உரசுகிற மாதிரி வருகிறது. பல்லா பாலத்தில் இரண்டு சக்கரமும் தரையை விட்டுக் கிளம்புகின்றன. அப்பா சோபாவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வளைவுக்கு வளைவு சாய்கிறார். ஐம்பதைத் தாண்டி ஓட்டாத மனிதர்! நான் பார்த்தது ஓட்டுகிறவனின் கையை. அந்தக் கை இறுகவில்லை, மகனே. உலகமே நடுங்கி ஓடுகிறது, அந்தக் கை மட்டும் லேசாகக் கிடக்கிறது. விரல்கள் பிரேக் மேல், தேவைப்பட்டபோது மட்டும் அசைகின்றன.

உனக்குத் தெரியாது, நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூத்த தாதி ஒருவர் என் மணிக்கட்டில் தட்டுவார். ஊசி போடும் கை இறுகினால் நோயாளியின் தோலுக்கு அது தெரிந்துவிடும் என்பார். அவசரப் பிரிவில் இருபத்தெட்டு வருஷம். விடியற்காலை மூன்று மணிக்கு, இரத்தம் வடிகிற ஒருவனுக்கு நரம்பு கிடைக்காமல் தேடும்போது என் கை இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தேன். மோட்டாரில் பறக்கிறவன் எல்லாம் புத்தி கெட்டவன் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். எனக்கு வந்து சேர்ந்தவர்கள் அப்படி. சனிக்கிழமை நள்ளிரவில் பாலத்தில் வயிற்றை சீட்டில் வைத்து, காலைப் பின்னால் நீட்டி, சூப்பர்மேன் போல ஓட்டுகிற மாட் ரெம்பிட் பையன்கள். ஸ்ட்ரெச்சரில் வரும்போதும் "ஆன்டி, என் மோட்டார் எங்கே" என்பார்கள். அந்தக் கையும் இந்தக் கையும் ஒன்றல்ல. அது எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

ஆனால் படத்தை முழுசாக நம்பவும் மாட்டேன். 2010 பந்தயத்தில் கோனர் கம்மின்ஸ் வெராண்டா வளைவில் விழுகிறானே, ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த காட்சி, ஆளும் வண்டியும் மலைச்சரிவில் உருண்டு உருண்டு போகிறதே, அப்போது நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். பயந்து அல்ல. வாய் தானாக வரிசை சொல்ல ஆரம்பித்துவிட்டது. கழுத்தை அசைக்காதே, மூச்சுப்பாதை, இரத்தக்கசிவு, இடுப்பெலும்பு. அடுத்த வருஷம் அவன் திரும்பி வந்து ஓட்டினான் என்று அப்பா கையைத் தட்டுகிறார். விழுந்ததற்கும் ஏறியதற்கும் நடுவே இருந்த மாதங்களை யார் காட்டுவார்கள்? கட்டிலில் திருப்பிப் படுக்க வைக்க இரண்டு பேர், பெட்பேன், முதல் முறை காலை ஊன்றும்போது வரும் அலறல். அதைப் படமெடுத்தால் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள், அதுவும் சரிதான்.

அதே வருஷப் பந்தயத்தில் இறந்த நியூசிலாந்துக்காரர் பால் டாப்ஸின் மனைவி படத்தில் பேசுகிறார். பந்தயத்தை அவர் குறை சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் எத்தனையோ மனைவிமார்களோடு பேசியிருக்கிறேன், அந்த மாதிரிக் குரலைக் கேட்டதில்லை. நம்புவதா வேண்டாமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. 1911 முதல் அந்த மலைச்சுற்றில் இறந்தவர்கள் 260 பேருக்கும் மேல். நான் இதை உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. நீயே படித்திருப்பாய்.

ஒரு விஷயம் எனக்குப் பிடித்தது. மலையில் மூடுபனி இறங்கி மருத்துவ ஹெலிகாப்டர் பறக்க முடியாது என்றால் பந்தயமும் கிடையாதாம். எத்தனை ஆயிரம் பேர் காத்திருந்தாலும் சரி. அப்புறம் ஜான் ஹைண்ட்ஸ் என்று வட அயர்லாந்து டாக்டர் ஒருவரைப் பற்றிப் படித்தேன். மயக்க மருந்து, தீவிர சிகிச்சை நிபுணர். சாலைப் பந்தயங்களில் மருந்துப் பையோடு அவரே மோட்டாரில் பின்தொடர்ந்து போவார், யாராவது விழுந்தால் நொடியில் பக்கத்தில் இருக்க. 2015இல் அந்த வேலையில் இருக்கும்போதே விழுந்து இறந்துபோனார். அன்றைக்கு முழுக்க அவர் ஞாபகமாகவே இருந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2011 அக்டோபர் 23, ஞாயிற்றுக்கிழமை. தீபாவளிக்கு மூன்று நாள். நான் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தேன், நீயும் அப்பாவும் செப்பாங்குக்குப் போயிருந்தீர்கள். இரண்டாவது சுற்றில், பதினோராவது வளைவில் பந்தய வீரன் மார்க்கோ சிமொன்செல்லி விழுந்து இறந்தான். 24 வயது. நீங்கள் புல்மேட்டில் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை என்றாய். சிவப்புக் கொடி, அப்புறம் வெறும் காத்திருப்பு, கடைசியில் பந்தயம் ரத்து. இரவு வீடு திரும்பியபோது நீ வாசலிலேயே செருப்போடு நின்றாய். உனக்கு அப்போது பதினாறு, லைசென்ஸ் எடுத்து ஆர்எக்ஸ்சட் வாங்கித் தரச் சொல்லி என்னை அரித்துக்கொண்டிருந்த காலம். "பார்த்தாயா?" என்றேன். ஒரே வார்த்தை. நீ அப்புறம் மோட்டார் கேட்கவே இல்லை.

அதை நான் இத்தனை வருஷம் என் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன். செத்துப்போன ஒரு பிள்ளையை எடுத்து உன்னை அடித்துவிட்டேன் என்பது போன வாரம்தான் உறைத்தது. நீ அன்று பயந்து நிற்கவில்லை, அவனுக்காக அழ இடம் தேடி நின்றிருக்கிறாய். நான் எண்ணெய்ச் சட்டியைப் பார்க்கத் திரும்பிவிட்டேன்.

போய் வா. பார்க்கிற இடத்தை மட்டும் யோசித்துத் தேர்ந்தெடு. வளைவு முடிகிற இடத்தில் வெளிப்பக்கமாக நிற்காதே, வழுக்குகிற வண்டி அங்கேதான் வரும். உள்பக்கம், உயரத்தில், சுவருக்குப் பின்னால். அங்கிருக்கும் காவலர்கள் நகரச் சொன்னால் வாதாடாமல் நகர். காதில் அடைப்பான் வைத்துக்கொள். பிரே ஹில் அடியில் அந்தச் சத்தத்தைப் போனில் எடுத்து அனுப்பு, முதலில் வரும் பறவைச் சத்தத்தோடு சேர்த்து, வெட்டாமல்.

அப்பா டி-சட்டை கேட்கிறார். அவருக்கு எக்ஸ்எல். எனக்கு எம்.

அம்மா